கிறிஸ்துமஸ் மதியச் சாப்பாட்டுக்கு எந்த ஒயின்? நம்ம ஊர்க் காரத்துக்குத் தோதாகச் சொல்லுங்கள்

முருகன்குறிச்சியான் · டிசம்பர் 7, இரவு 9:40

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, ஒரு யோசனை வேண்டும்.

இந்த வருஷம் கிறிஸ்துமஸ் விருந்து பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில். தங்கச்சிக்குக் கல்யாணம் ஆகி முதல் கிறிஸ்துமஸ் என்பதால் தூத்துக்குடியில் இருந்து சம்பந்தி வீட்டார் வருகிறார்கள். மொத்தம் 14 பேர். அதில் ஒயின் குடிக்கக்கூடியவர்கள் ஆறு பேர் தேறினால் அதிகம். மாப்பிள்ளைக்கு ஜெர்மனியில் வேலை. "மச்சான், சாப்பாட்டோடு ஒயின் வைப்போமா?" என்று போனில் கேட்டுவிட்டார். முடியாது என்று எப்படிச் சொல்வது?

சாப்பாடு இதுதான். காலையில் ஆப்பமும் ஆட்டுக்கால் பாயாவும். மதியம் சீரகச் சம்பா மட்டன் பிரியாணி, நாட்டுக்கோழி மிளகு வறுவல், சீலா மீன் பொரித்தது, தயிர் வெங்காயம். மறுநாள் அம்மா சொதி வைப்பாள். பிளம் கேக், அல்வா, முந்திரிக்கொத்து எல்லாம் எப்படியும் வீட்டில் கிடக்கும்.

போன வருஷம் பட்டது போதும். "மட்டன்னா ரெட்தான் சார்" என்று கடையில் சொன்னதைக் கேட்டு விலை கூடின ஒன்றை வாங்கி வந்து, அடுக்களை அலமாரி மேல் நாலு நாள் வைத்திருந்தேன். ஒரு மணிக்கு ஊற்றிக் கொடுத்தேன். சித்தப்பா ஒரு வாய் பிரியாணி, ஒரு மடக்கு ஒயின். அடுத்து அவர் கை தேடியது தண்ணீர்ச் சொம்பை. "என்னலே, கசாயத்தைச் சுட வச்சு ஊத்திருக்க?" மிச்சம் அரைப் பாட்டிலை அம்மா முருங்கை மூட்டில் கொட்டினாள்.

பட்ஜெட் 5000 ரூபாய்.

---

சமாதானபுரம் · டிசம்பர் 7, இரவு 9:52

பீர் வாங்கு தம்பி. ஐஸ் போடு. இழையை மூடு.

---

நாசிக் நெல்லையான் · டிசம்பர் 7, இரவு 11:15

உங்கள் சித்தப்பா சொன்னது சரிதான். அந்த ஒயினை மட்டும் குறை சொல்ல முடியாது. பாதிக் குற்றம் சூட்டுடையது, மீதி மிளகாயுடையது.

நான் வண்ணார்பேட்டைக்காரன், எட்டு வருஷமாக நாசிக்கில் இருக்கிறேன். ஒயின் என் தொழில் இல்லை. ஆனால் வாடகை வீட்டைச் சுற்றித் திராட்சைத் தோட்டம், ஊரில் இருந்து வருகிறவர்களை ஒயின் ஆலைக்குக் கூட்டிக்கொண்டு போவதே ஞாயிற்றுக்கிழமை வேலை. அப்படிக் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

சிவப்பு ஒயினில் திராட்சைத் தோலும் விதையும் சாறோடு கிடந்து நொதிக்கும். அவற்றில் இருந்து துவர்ப்பு இறங்கும், டானின் என்பார்கள். கொட்டைப்பாக்கை மென்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டுமே, அதே துவர்ப்பு. மிளகாய் பட்டு எரிகிற வாயில் இந்தத் துவர்ப்பும் 13, 14 சதவீத ஆல்கஹாலும் விழுந்தால் எரிச்சல் இரட்டிப்பாகும். வெளிநாட்டுக்காரன் ஆட்டுக்கறிக்கு ரெட் என்று சொல்வது உப்பும் பூண்டும் தடவிச் சுட்ட கறிக்கு. அங்கே கொழுப்பு துவர்ப்பை அமுக்கிவிடும். நம் பிரியாணியில் கறி ஒரு வார்த்தை பேசினால் மசாலா பத்து வார்த்தை பேசும். அதனால் கறியைப் பார்த்து வாங்காதீர்கள், மசாலாவைப் பார்த்து வாங்குங்கள்.

காரத்துக்கு வேண்டியது லேசான இனிப்பு, நல்ல புளிப்பு, குறைவான ஆல்கஹால், குளிர்ச்சி. தயிர் வெங்காயம் செய்கிற அதே வேலை. நம் நாட்டில் சுலபமாகக் கிடைக்கிற செனின் பிளாங்க் என்ற வெள்ளை ஒயின் இதற்குத் தோது. பிரான்ஸில் லுவார் ஆற்றுப் பக்கத்து ரகம், நாசிக் மண்ணில் நன்றாகப் பிடித்துக்கொண்டது. சுலா என்ற நாசிக் கம்பெனியின் செனினில் கொஞ்சம் இனிப்பு விட்டிருப்பார்கள், அதுதான் நமக்கு வேண்டும். வெள்ளை வேண்டாம் என்பவர்களுக்கு ஜின்ஃபான்டல் ரோஸே. ரோஸ்மில்க் நிறத்தில் இருக்கும், மேசையில் பார்க்கவும் அழகு.

அடுத்தது சூடு. ரெட் ஒயினை 'அறை வெப்பத்தில்' குடி என்று எழுதி வைத்தவன் ஐரோப்பாவின் கல்வீட்டில் இருந்தவன். அவன் அறை 16, 18 டிகிரி. பாளையங்கோட்டையில் டிசம்பர் மதியமும் 30 டிகிரியைத் தொடும். ரெட்டாக இருந்தாலும் ஊற்றுவதற்கு அரை மணி முன்னால் ஃபிரிட்ஜில் வையுங்கள். வெள்ளையும் ரோஸேயும் காலையிலேயே உள்ளே போகட்டும்.

ஃபிரிட்ஜில் அன்றைக்கு இடம் இருக்காது, தெரியும். ஒரு அண்டாவில் ஐஸ், ஐஸ் மூழ்கத் தண்ணீர், இரண்டு கை கல்லுப்பு. பாட்டிலைக் கழுத்து வரை முக்கினால் கால் மணியில் குளிர்ந்துவிடும். வெறும் ஐஸ் போட்டால் இடையில் காற்று நிற்கும், நேரம் எடுக்கும். தண்ணீர் கட்டாயம்.

750 மில்லி பாட்டிலில் 150 மில்லியாக ஐந்து கிளாஸ் வரும். ஆறு பேருக்கு ஆளுக்கு இரண்டு என்றால் 12 கிளாஸ். மூன்று பாட்டில் போதும், மூன்று கிளாஸ் மிஞ்சும்.

---

நாசரேத்து வாத்தியார் · டிசம்பர் 8, காலை 6:20

தம்பி, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 14 பேரில் ஆறு பேரைப் பற்றியே பேச்சு ஓடுகிறது. மீதி எட்டுப் பேர் பச்சைத் தண்ணீரா குடிப்பார்கள்?

எங்கள் பக்கத்து வீடுகள் பலவற்றில் சாராய வாசம் வாசல்படி தாண்டாது. எங்கள் சபையில் திருவிருந்துக்குக்கூடப் புளிக்காத சாறுதான். வேதாகமத்தில் திராட்சரசம் என்று ஒரே சொல். சாறுக்கும் அதுதான், ஒயினுக்கும் அதுதான். கானாவூர்க் கல்யாணத்தில் எது ஓடியது என்று வாலிபர் சங்கத்தில் நாற்பது வருஷமாக வாக்குவாதம். நான் அதற்குள் போகவில்லை.

பன்னீர் திராட்சை இரண்டு கிலோ வாங்கி, அரை டம்ளர் தண்ணீர் விட்டு, தோல் வெடிக்கும் வரை மட்டும் சூடாக்கி, ஆறவிட்டுத் துணியில் வடிகட்டுங்கள். மிக்சியில் அடிக்காதீர்கள், விதை உடைந்தால் கசக்கும். ஒரு துண்டு சுக்கு தட்டிப் போடுங்கள். குளிரவைத்து, ஒயின் ஊற்றுகிற அதே கிளாஸில் ஊற்றிக் கொடுங்கள். குடிக்காதவனுக்கு எவர்சில்வர் டம்ளர், குடிக்கிறவனுக்குக் கண்ணாடிக் கிளாஸ் என்று பந்தியில் பேதம் காட்டக் கூடாது.

---

முருகன்குறிச்சியான் · டிசம்பர் 8, காலை 8:05

சார், கிளாஸ் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. போன வருஷம் அம்மாவுக்கும் அத்தைக்கும் எவர்சில்வர் டம்ளரில்தான் கொடுத்தேன். 14 கிளாஸுக்கு ஏற்பாடு செய்கிறேன்.

---

பெருமாள்புரத்து அக்கா · டிசம்பர் 8, காலை 10:30

கடை ஒயினைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. எங்களுக்கு ஒயின் என்றால் மணப்பாட்டுப் பெரியம்மாவின் பீங்கான் பரணிதான். டிசம்பர் பிறந்ததும் பன்னீர் திராட்சை வரும், சீனி வரும், கிராம்பு, பட்டை, ஒரு கை கோதுமை. பரணி வாயை வெள்ளைத் துணியால் கட்டி, கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவாள். தினமும் சாயங்காலம் மரக்கரண்டியால் ஒரு கிளறு. காதை வைத்தால் உள்ளே முணுமுணுவென்று சத்தம் கேட்கும். "செபமாலை சொல்லுது" என்பாள்.

ஒரு வருஷம் திராட்சை தாமதமாக வந்தது. அவசரத்தில் 12 நாளிலேயே வடிகட்டி, ஸ்குவாஷ் பாட்டில்களில் ஊற்றி மூடியை இறுக்கிவிட்டாள். 24 ராத்திரி எல்லாரும் நடுச்சாமப் பூசைக்குப் போனோம். திரும்பி வந்து பார்த்தால் அறை முழுக்க ஊதா. நொதிப்பு முடியாமல் மூடினால் வாயு எங்கே போகும்? மூன்று பாட்டில் வெடித்திருந்தது. கொடியில் காய்ந்த பெரியப்பாவின் புதுச் சட்டையில் முதுகு பூராவும் புள்ளி. அவர் அதையே போட்டுக்கொண்டு ஊரைச் சுற்றி வந்தார்.

---

மட்டுறுத்துநர் · டிசம்பர் 8, காலை 11:45

அக்காவிடம் செய்முறை கேட்டு வந்த மூன்று பதிவுகளை எடுத்துவிட்டேன். 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் வீட்டில் ஒயின் போடுவது குற்றம். நினைவுகளைச் சொல்லலாம், அளவு வேண்டாம்.

---

சங்கரன்கோவில் ரோடு · டிசம்பர் 8, பிற்பகல் 1:10

எல்லாம் சரி. ஆனால் இதெல்லாம் நம் பழக்கமா? வெள்ளைக்காரன் விட்டுவிட்டுப் போனதைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறோம்.

---

நாசிக் நெல்லையான் · டிசம்பர் 8, மாலை 6:50

யவனர் கொண்டுவந்த தேறலைப் பொற்கிண்ணத்தில் குடித்து மகிழ்ந்திரு என்று பாண்டியனைச் சங்கப் பாட்டே வாழ்த்துகிறது. அரிக்கமேட்டில் ரோமானிய ஒயின் ஜாடிகளின் ஓடுகளைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். வெள்ளைக்காரனுக்கு முன்னாலேயே வந்த சரக்கு. அந்தப் பாட்டிலும் அது 'தண்', அதாவது குளிர்ந்த, என்ற அடைமொழியோடுதான் வருகிறது, கவனியுங்கள். சூடாக ஊற்றிக் கொடுத்திருந்தால் புலவர் பாடியிருப்பாரா?

---

உவரிக் கடல் · டிசம்பர் 8, இரவு 7:30

சீலா பொரிக்கிறீர்கள், அதைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. மிளகாய்த்தூள் தடவாமல் மிளகு, மஞ்சள், உப்பு, எலுமிச்சை மட்டும் தடவிப் பொரித்தால் சாவிஞான் பிளாங்க் என்ற வெள்ளை ஒயின் ரொம்ப நன்றாக இருக்கும். அறுத்த புல்லும் எலுமிச்சைத் தோலும் கலந்த மாதிரி ஒரு வாசம். மீனுக்குப் பிழிகிற எலுமிச்சையின் வேலையை அதுவே பார்த்துவிடும். புளிக்குழம்பு வைத்தால் மட்டும் ஒயினை மறந்துவிடுங்கள். புளியின் புளிப்புக்கு முன்னால் எந்த ஒயினும் சப்பென்று போகும்.

---

சமாதானபுரம் · டிசம்பர் 8, இரவு 8:15

நான் பீர் என்று சொன்னதை ஒருவரும் மதிக்கவில்லை. பரவாயில்லை, கடை விவரமாவது சொல்கிறேன், அதில் எனக்கு அனுபவம் உண்டு.

சின்ன டாஸ்மாக்கில் போய் செனின் கேட்டால் முழிப்பார்கள். இனிப்பு போர்ட் மாதிரி ஒன்று இரண்டு வைத்திருப்பார்கள், அவ்வளவுதான். ரகம் வேண்டும் என்றால் டாஸ்மாக்கின் உயர்ரகக் கடையான எலைட்டுக்குப் போங்கள். கிறிஸ்துமஸ் அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். கடை திறப்பதே மதியம் 12 மணிக்கு. 20 தேதிக்குள் வாங்கிவிடுங்கள், பிறகு நல்லதெல்லாம் போய்விடும். (பொங்கலுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்: திருவள்ளுவர் தினத்தன்று அடைப்பு.)

பாட்டிலைக் கையில் வாங்கிப் பாருங்கள். வெள்ளை ஒயினில் அறுவடை ஆண்டு போட்டிருக்கும், இரண்டு வருஷத்துக்கு மேல் போனதைத் தொடாதீர்கள். வெளிச்சத்தில் காட்டினால் வெளிர் மஞ்சளாக இருக்க வேண்டும். தேன் நிறம், பழுப்பு என்றால் கெட்டது. கார்க் வெளியே தள்ளிக்கொண்டு நின்றால் பாட்டில் வெயிலில் வெந்திருக்கிறது. ஒருதரம் விசேஷத்துக்கு இப்படி ஒன்றைப் பார்க்காமல் வாங்கி, திறந்தால் காடி வாசம். பில்லைக் காட்டியும் மாற்றித் தரவில்லை. திருகு மூடி இருக்கிறதை வாங்குங்கள், மட்டம் என்று நினைக்காதீர்கள். கார்க் திருகி உங்கள் வீட்டில் இருக்கிறதா? எங்கள் வீட்டில் இல்லை. ஸ்குரூடிரைவரால் கார்க்கை உள்ளே குத்தித் தள்ளி, மீன் வடிகட்டியில் வடித்துக் குடித்த குடும்பம் எங்களுடையது.

பாண்டிச்சேரியில் விலை குறைவு என்று யாராவது ஆசை காட்டுவார்கள். செக்போஸ்ட்டில் பிடித்தால் கேஸ்.

---

முருகன்குறிச்சியான் · டிசம்பர் 8, இரவு 9:20

அண்ணாச்சி, பீருக்குக் கோபம் வேண்டாம், புத்தாண்டுக்குப் பார்த்துக்கொள்வோம்.

நாசிக் அண்ணனுக்கு மூன்று கேள்வி. சித்தப்பா இந்தத் தடவையும் ரெட் கேட்பார், கசாயம் என்று திட்டினாலும் ரெட்தான் கௌரவம் அவருக்கு. மாப்பிள்ளை வரும்போது ஏதாவது வாங்கி வரட்டுமா என்கிறார், என்ன சொல்லட்டும்? அப்புறம் அல்வாவுக்கு என்ன?

---

நாசிக் நெல்லையான் · டிசம்பர் 8, இரவு 11:40

சித்தப்பாவுக்கு ஷிராஸ் என்ற ரெட். ஆனால் பிரியாணியோடு வேண்டாம், நாட்டுக்கோழி மிளகு வறுவலோடு கொடுங்கள். மிளகாய்க் காரம் வேறு, மிளகுக் காரம் வேறு. ஷிராஸை முகர்ந்தால் மிளகு இடித்த வாசம் வரும். ரோட்டண்டோன் என்று ஒரு பொருள் மிளகிலும் இருக்கிறது, ஷிராஸ் திராட்சைத் தோலிலும் இருக்கிறது. வறுவலில் வரமிளகாயைக் குறைத்துவிட்டு மிளகை மட்டும் நம்பச் சொல்லுங்கள். அரை மணி ஃபிரிட்ஜ், மறக்கக் கூடாது. மூன்று பாட்டில் கணக்கில் ஒன்றை ஷிராஸாக மாற்றுவதா, ஒன்று கூடுதலாக வாங்குவதா என்பது உங்கள் பர்ஸைப் பொறுத்தது.

மாப்பிள்ளை ஜெர்மனியில் இருந்து வருகிறார் என்றால் யோசிக்கவே வேண்டாம், ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயின். மோசல் பள்ளத்தாக்குப் பாட்டிலில் 'காபினெட்' என்று போட்டிருப்பதை எடுக்கச் சொல்லுங்கள். 8, 9 சதவீத ஆல்கஹால்தான் இருக்கும், இனிப்பும் புளிப்பும் சரிசமம். லேபிளில் 'ட்ரோக்கன்' (Trocken) என்று கண்டால் வேண்டாம், அது இனிப்பில்லாத வகை. ஆளுக்கு இரண்டு லிட்டர் வரை சுங்கத்தில் விடுவார்கள், அதாவது இரண்டு பாட்டில். லுங்கியில் சுற்றிப் பெட்டி நடுவில் வைக்கட்டும்.

நுரைக்கிற ஒயின் வாங்குகிறவர்களுக்கு ஒரு குழி: டிரை என்றால் இனிப்பில்லாதது, ஆனாலும் 'எக்ஸ்ட்ரா டிரை' என்று போட்டிருப்பது 'புரூட்' என்று போட்டிருப்பதை விட இனிப்புக் கூடியது. பெயர் வைத்தவனைத்தான் கேட்க வேண்டும்.

அல்வா விஷயத்தில் நான் தோற்றவன். இனிப்போடு குடிக்கிற ஒயின் அந்த இனிப்பை விட இனிப்பாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒயின் புளித்த தண்ணீராகிவிடும். நெய் வடிகிற நம் அல்வாவை இனிப்பில் ஜெயிக்க எந்த ஒயினால் முடியும்? பிந்தி அறுத்த செனின் என்று தேன் மாதிரி ஒன்று உண்டு, அதையும் வைத்துப் பார்த்தேன், நிற்கவில்லை. பிளம் கேக்கோடு கொடுங்கள், போர்ட் வகையும் கேக்குக்குப் பொருந்தும்.

---

ஹைகிரவுண்ட் · டிசம்பர் 9, காலை 7:15

அல்வாவுக்கு ஒயினா? வாழையிலைத் துண்டில் சுடச்சுட அல்வா, முடிந்ததும் கையில் ஒரு பிடி மிக்சர். இந்த ஜோடியை யாரும் பிரிக்க வேண்டாம்.

---

பெருமாள்புரத்து அக்கா · டிசம்பர் 9, காலை 9:00

ஹைகிரவுண்டுக்கு என் ஓட்டு. ஒயின் குடித்துவிட்டு வண்டியை எடுக்காதீர்கள். சம்பந்தி வீட்டார் தூத்துக்குடி திரும்ப வேண்டும் என்றால் குடிக்காத ஒருவரிடம் சாவியைக் காலையிலேயே கொடுத்துவிடுங்கள்.

---

முருகன்குறிச்சியான் · டிசம்பர் 27, இரவு 8:30

கேட்டுவிட்டு ஓடிப்போனான் என்று நினைத்திருப்பீர்கள். வீடு கழுவி முடிக்க இரண்டு நாள் ஆகிவிட்டது.

செனின் ஒன்று, ரோஸே ஒன்று, ஷிராஸ் ஒன்று வாங்கினேன், மூன்றும் திருகு மூடி. மாப்பிள்ளை ஒரு ரீஸ்லிங் கொண்டுவந்தார். இரண்டு சொல்லியிருந்தோம், மற்றொன்றை அவருடைய அப்பா தூத்துக்குடியிலேயே திறந்துவிட்டாராம்.

ஐஸ் எங்கே கிடைக்கும் என்று தெரியாமல், சீலா வாங்கிய மீன்காரரிடமே ஒரு கட்டி வாங்கி வந்தேன். அம்மா அண்டாவைத் தரமாட்டேன் என்று நின்றுவிட்டாள். கடைசியில் வேலிக்குத் தண்ணீர் ஊற்றும் பிளாஸ்டிக் வாளி. உப்புத் தண்ணீரில் லேபிள் எல்லாம் உரிந்துவிட்டது, செனின் எது ரீஸ்லிங் எது என்று மாப்பிள்ளை முகர்ந்து பார்த்துச் சொல்லி, அதுவும் தப்பாகப் போய், ஒரே சிரிப்பு. மீன் வாசம் அடிக்கவில்லை, சத்தியமாக.

பிரியாணியோடு ரீஸ்லிங் பிரமாதம். ஒரு வாய் காரம், ஒரு மடக்கு, வாய் ஆறிவிடுகிறது. அடுத்த வாய்க்கு ஆசை வருகிறது. சித்தப்பா ஷிராஸை மிளகு வறுவலோடு குடித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, கிளாஸை மறுபடி நீட்டினார். ரோஸேயை ஆண்கள் ஒருவரும் தொடவில்லை, நிறத்தைப் பார்த்து வெட்கம். சம்பந்தியம்மா "இது என்ன, சர்பத்தா?" என்று கேட்டு, ஒயின் என்று சொன்ன பிறகும் அரை கிளாஸ் வாங்கிக்கொண்டார்.

வாத்தியார் சார், முதலில் தீர்ந்தது உங்கள் திராட்சைச் சாறுதான். 14 பேருக்கும் ஒரே மாதிரிக் கிளாஸ். யார் கிளாஸில் என்ன இருக்கிறது என்று பார்த்துத் தெரியாததால் பெரிய அத்தைக்கு ஒரு மடக்கு ஷிராஸ் தவறிப் போய்விட்டது. "சாறு புளிச்சிட்டு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள், நல்லவேளை.

மறுநாள் சொதிக்கு, ஃபிரிட்ஜில் மூடி வைத்திருந்த செனின் இரண்டு கிளாஸ் மிச்சம் இருந்தது. தேங்காய்ப்பாலுக்கும் கடைசியில் பிழிந்த எலுமிச்சைக்கும் அப்படி ஒரு பொருத்தம். இஞ்சிப் பச்சடியைத் தொட்டதும்தான் ஒயின் காணாமல் போனது.

காலிப் பாட்டில் நான்கையும் அம்மா கழுவிக் கவிழ்த்திருக்கிறாள். மூன்றில் நல்லெண்ணெய், ஒன்றில் மணி பிளாண்ட்.